காயலான் கடை மைக்ராஸ்கோப்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடை. உடைந்த தராசுக்கும் தையல் மிஷின் தலைக்கும் நடுவில் அது கிடந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு உடம்பு, ஒற்றைக் கண், அடியில் பல்புக்குப் பதிலாக ஒரு வட்டக் கண்ணாடி. கையில் எடுத்ததுமே கடைக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டார். "லேப்ல இருந்து வந்ததுங்ணா. எடுத்துப் பாத்தவங்க எல்லாம் ஒண்ணும் தெரியலைன்னு வெச்சுட்டுப் போயிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா எடுத்துக்கங்க."

1,800 ரூபாய்க்குப் படிந்தது. கிட்டத்தட்ட அதே காசுக்கு '1200 மடங்கு' என்று பெட்டியில் அச்சிட்ட புத்தம்புது பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப் வீட்டு வாசலுக்கே வரும். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். 1200-ஐ விட்டுவிட்டு 400 மடங்கு காட்டுகிற துருவை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாய்? நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஒரு வேட்டி தேவைப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மைக்ராஸ்கோப்பின் அமைப்பில் பெரிய மர்மம் கிடையாது. பொருளுக்கு அருகே இருக்கும் சின்ன லென்ஸ், பொருளின் பெரிதான பிம்பத்தைக் குழாயின் மேல் முனைக்குச் சற்றுக் கீழே உண்டாக்குகிறது. கண்ணருகே இருக்கும் ஐபீஸ், அந்தப் பிம்பத்தைப் பார்க்கிற பூதக்கண்ணாடி. கீழே 40, மேலே 10 என்றால் 400 மடங்கு. கீழ் லென்ஸ்களை 10, 40, 100 என்று திருப்பி மாற்றிக்கொள்ளலாம்; 40 மடங்கு பெருக்குவதை 40-ஆம் லென்ஸ் என்கிறேன். பார்க்கிற காட்சி தலைகீழாக இருக்கும். பொருளை வைக்கிற கண்ணாடித் துண்டான ஸ்லைடை இடப்பக்கம் தள்ளினால் காட்சி வலப்பக்கம் ஓடும். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

கீழ் லென்ஸின் உடம்பில் இன்னும் சில எண்கள் பொறித்திருக்கும். என்னுடையதில் '40/0.65', அதன் கீழே '160/0.17'. இதில் 160 என்பது குழாய் நீளம், மில்லிமீட்டரில். 0.17 என்பது ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் தடிமன், அதுவும் மில்லிமீட்டர்தான். பல பத்தாண்டுகளாகப் பல நாட்டுக் கம்பெனிகள் இந்த 160-ஐயும் ஒரே அளவுத் திருகு மரையையும் வைத்துக்கொண்டதால், ஹரியானாவின் அம்பாலாவில் செய்த உடம்பில் ஜெர்மன் லென்ஸ்கூடப் பெரும்பாலும் ஏறிவிடும். நம் ஊர்க் கல்லூரிகளில் நிற்பவற்றில் பாதிக்கு மேல் அம்பாலாச் சரக்காகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். மீதி இருக்கும் 0.65 என்ற எண்ணைத்தான் வாங்குகிறவர் முதலில் தேட வேண்டும்.

கடையில் நான் முதலில் ஐபீஸைக் கழற்றினேன். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் பளிச்சென்று ஒரு வெளிச்ச வட்டம் தெரிய வேண்டும். சிலந்தி நூல் மாதிரி இழை ஓடினால் லென்ஸில் பூஞ்சை. வட்டத்தின் ஓரம் வானவில் நிறத்தில் மினுக்கினால், ஒட்டிய கண்ணாடிகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன என்று அர்த்தம். அது நம் கையால் ஆகிற வேலையில்லை. பிறகு கழற்றிய ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்து, அதையே பூதக்கண்ணாடியாக்கி 40-ஆம் லென்ஸின் மூக்கைப் பார்த்தேன். மஞ்சளாக ஒரு பிசுக்கு, வார்னிஷ் மாதிரி காய்ந்து கிடந்தது. 'ஒண்ணும் தெரியலை' என்பதற்குக் காரணம் இதுதான். 100-ஆம் லென்ஸுக்கு மட்டும் விட வேண்டிய எண்ணெயில், யாரோ அவசரத்தில் 40-ஐயும் முக்கியிருக்கிறார்கள். மாணவர்கள் புழங்கும் லேபில் அடிக்கடி நடப்பது. வீட்டில் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலைச் சுத்தமான பஞ்சு முனையில் ஒரு சொட்டு தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் துடைத்ததில் ஐந்தாறு முறையில் போய்விட்டது. ஸ்பிரிட்டை மட்டும் தாராளமாக விடாதீர்கள். சில பழைய லென்ஸ்களில் ஒட்டுப்பசையே கரைந்துவிடும்.

ஃபோகஸ் திருகு இறுகியிருந்தால் வலுவாகத் திருப்பக் கூடாது. உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும். பல்சக்கரம் உடைந்தால் உடைந்ததுதான். பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிது தடவினால் சரியாகிவிடும். காட்சியில் தூசி தெரிந்தால் ஐபீஸைச் சுழற்றிப் பாருங்கள். தூசியும் கூடவே சுழன்றால் அழுக்கு ஐபீஸில். ஸ்லைடோடு நகர்ந்தால் ஸ்லைடில். இரண்டுக்கும் அசையாவிட்டால் வேறெங்கோ.

இனி வேட்டி. இரவில் மொட்டை மாடிக்குப் போய், மெல்லிய துணியைக் கண்முன் பிடித்துக்கொண்டு, தூரத்தில் எரியும் ஒரு தெருவிளக்கைப் பாருங்கள். அம்மாபேட்டைத் தறியில் நெய்த நைஸ் வேட்டி போதும்; குடைத்துணி இருந்தால் இன்னும் நல்லது. ஒற்றை விளக்கு, நடுவில் ஒன்றும் நாலு பக்கமும் வரிசையாகப் பலவுமாகப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். துணியை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒன்று பிடிபடும்: நெசவு நெருங்க நெருங்க, புள்ளிகள் விலகி விலகிப் போகின்றன. நூலுக்கும் நூலுக்கும் இடைவெளி குறுகினால் ஒளி அகன்ற கோணத்தில் சிதறுகிறது.

மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைக்கிற எதுவும் இப்படி ஒரு நெசவுதான். இலையின் செல் சுவர், மகரந்தத்தின் முள், மாவுத் துகளின் ஓரம் என்று எதுவானாலும், நுணுக்கம் கூடக்கூட அது ஒளியை அகலமாக வீசும். அந்த அகன்ற ஒளியை லென்ஸ் உள்ளே வாங்கினால்தான் நுணுக்கம் பிம்பத்தில் உருவாகும். லென்ஸின் வாய் குறுகலாக இருந்து, ஒளி வெளியே சிந்திப்போனால், அந்த விவரம் குழாய்க்குள்ளேயே வரவில்லை. வராததை மேலிருக்கிற ஐபீஸ் எத்தனை மடங்கு பெருக்கினாலும் கிடைப்பது பெரிய மங்கல்தான். ஜெர்மனியின் யேனா நகரத்தில் இதைக் கணக்காக எழுதிக்காட்டியவர் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே, 1873-இல்.

0.65 என்பது அந்த வாயின் அகலம். நியூமரிகல் அப்பர்ச்சர் என்று பெயர், சுருக்கமாக என்.ஏ. 0.65 என்றால் லென்ஸ் ஏறத்தாழ 80 டிகிரி அகலமுள்ள ஒளிக் கூம்பை வாங்குகிறது. 10-ஆம் லென்ஸில் பொதுவாக 0.25, அதாவது 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அபேயின் கணக்கு எளிது: ஒளியின் அலைநீளத்தை என்.ஏ.வின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும். பச்சை ஒளி 0.55 மைக்ரான். அப்படியானால் 10-ஆம் லென்ஸ் 1.1 மைக்ரான் இடைவெளி வரை பிரித்துக் காட்டும். 40-ஆம் லென்ஸ் 0.42 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதிலிருந்து வருகிற இன்னொரு கைக்கணக்கு: என்.ஏ.வை ஆயிரத்தால் பெருக்கினால் வருகிற எண்ணுக்கு மேல் பெருக்குவதில் பயனில்லை. 0.65-க்கு 650 மடங்கு. காற்றில் வேலை செய்யும் எந்த லென்ஸுக்கும் என்.ஏ. 1-ஐத் தாண்டவே முடியாது. அதனால்தான் 100-ஆம் லென்ஸுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் நடுவே, கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் எண்ணெய் விட்டு 1.25 வரை கொண்டுபோகிறார்கள். சொட்டு எண்ணெய் இல்லாமல் 1200 மடங்கு என்று ஒரு பெட்டி சொன்னால், அதில் கடைசிச் சில நூறு மடங்கு வெறும் வீக்கம். வீட்டில் இந்த விளக்கம் எடுபட்டதா என்றால், வேட்டியை மடித்து வைக்கச் சொன்னார்கள்.

லென்ஸின் வாய் அகலமாக இருந்தால் மட்டும் போதாது, அதை நிரப்புகிற அளவுக்குக் கீழிருந்தும் ஒளி வர வேண்டும். மேடைக்கு அடியில் இருக்கும் கண்டென்சர் அதைச் செய்கிறது. கண்டென்சர் இல்லாத கருவி என்றால் விலையைப் பாதியாகக் கேளுங்கள். கண்டென்சர் இருந்தால் அடிக்கண்ணாடியின் தட்டைப் பக்கத்தைத் திருப்ப வேண்டும்; குழிப் பக்கம் கண்டென்சர் இல்லாத கருவிக்கு. வெயிலை நேராக அதில் பிடிக்கவே கூடாது, கண் போய்விடும். எல்இடி பல்புக்கு முன்னால் ஒரு பட்டர் பேப்பரைத் தொங்கவிட்டு, அந்த வெளிச்சத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கண்டென்சரோடு இருக்கும் ஐரிஸ் என்ற இதழ்க்கதவில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். அதை மூட மூடக் கோடுகள் கறுத்து, எல்லாம் 'ஷார்ப்' ஆகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் ஒளிக்கூம்பைக் குறுக்கி நுணுக்கத்தைத் தொலைத்துக்கொண்டிருப்போம். ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாயில் பார்த்து, வெளிச்ச வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு திறந்திருக்குமாறு வையுங்கள். லென்ஸை மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்ற வேண்டும்.

முதல் நாள் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 10-இல் அழகாகத் தெரிந்தது, 40-க்குத் திருப்பினால் எவ்வளவு திருகியும் பிடிபடவில்லை. லென்ஸை மறுபடி துடைத்தேன், கடைக்காரரை மனசுக்குள் திட்டினேன். அரை மணி கழித்துத்தான் பார்த்தேன், ஸ்லைடைக் கவிழ்த்து வைத்திருந்தேன். 40-ஆம் லென்ஸின் மூக்குக்கும் பொருளுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஸ்லைடின் தடிமனோ ஒரு மில்லிமீட்டர். பின்பக்கமாக எட்டவே எட்டாது.

முதலில் எதைப் பார்ப்பது? சேலத்துக்காரருக்கு மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கைவிட நல்லது அமையாது. ஜவ்வரிசி ஆலைகள் இத்தனை இருக்கிற ஊரில், அந்த மாவு எப்படியிருக்கும் என்று பார்க்காமல் இருக்கலாமா? பச்சைக் கிழங்கை வெட்டி, வெட்டிய முகத்தை ஸ்லைடில் லேசாகத் தேய்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கவர் ஸ்லிப்பை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்குங்கள். கறுப்புக் கரை கட்டின கச்சிதமான வட்டம் தெரிந்தால் அது காற்றுக் குமிழி, கண்டுபிடிப்பு அல்ல. மாவுத் துகள்கள் ஒரு பக்கம் சீவிவிட்ட உருண்டைகளாக, குட்டித் தபேலாக்கள் போல இருக்கும். பெரும்பாலானவை 10, 20 மைக்ரான். ஓரத்தில் ஒரு துளி அயோடின் விட்டால் நீலம் ஊர்ந்துவருவதைப் பார்க்கலாம். பக்கத்தில் அரிசி மாவு ஸ்லைடு ஒன்று வையுங்கள். 10-ஆம் லென்ஸில் வெறும் தூசியாகத் தெரிவது, 40-இல் மூலை மூலையான கற்களாகப் பிரியும். 0.25-க்கும் 0.65-க்கும் வித்தியாசம் அப்போது கண்ணாலேயே விளங்கும்.

இதற்கு மேல் ஒரு வித்தை உண்டு. பழைய கால்குலேட்டர் திரையின் மேல் ஒட்டியிருக்கும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலராய்டு தாளை உரித்து, ஒரு துண்டை விளக்கின் மேலும் இன்னொன்றை ஐபீஸின் மேலும் வைத்து, காட்சி இருளும்வரை மேல் துண்டைத் திருப்புங்கள். இருட்டில் மாவுத் துகள்கள் மட்டும் ஒளிரும், ஒவ்வொன்றின் மீதும் ஒரு கறுப்புச் சிலுவைக் கோடு. துகளுக்குள் மாவுச்சத்து நடுவிலிருந்து வெளிநோக்கி ஒழுங்காக அடுக்கியிருப்பதால் வருவது அது. இப்போது பாயசத்தில் வெந்த ஜவ்வரிசியில் ஒரு துணுக்கை வைத்துப் பாருங்கள். சிலுவை இருக்காது, ஒளியும் இருக்காது. தண்ணீரில் 60, 70 டிகிரி சூட்டிலேயே அந்த அடுக்கு குலைந்து கூழாகிவிடுகிறது. நாம் 'வெந்துவிட்டது' என்பது இதைத்தான்.

அளவு எடுக்கப் பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். 10-ஆம் லென்ஸில் ஸ்கேலை வைத்துக் காட்சி வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். என்னுடையது 1.8. 40-இல் அது நாலில் ஒரு பங்கு, 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரான். குறுக்கே 15 துகள் அடங்கும் என்று தோன்றினால் ஒன்று 30 மைக்ரான்.

போன மாதம் கருவியைத் துணியில் சுற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் மடியிலேயே வைத்துக்கொண்டு ஏற்காடு ஏறினேன். அங்கேயே விட்டுவைக்கிற எண்ணம் இல்லை. மலைமூட்டத்தில் மரப்பெட்டிக்குள் பூட்டிவைத்தால் சில மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை ஏறிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப்புகாத டப்பா வேண்டும். நண்பரின் அத்தைக்கு அங்கே கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். காப்பி இலையைத் தாக்கும் துரு நோய் என்ற பூஞ்சை நோய் அதற்கெல்லாம் பிறகு வந்தது. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி அப்பியிருக்கும். தண்ணீர்ச் சொட்டில் ஒரு ஊசிமுனைப் பொடி எடுத்து 40-இல் வைத்தேன். கமலா ஆரஞ்சுச் சுளைகளைக் கொட்டிவைத்தது போலப் பூஞ்சையின் வித்துகள், ஒவ்வொன்றும் சுமார் 30 மைக்ரான்.

அத்தை ஒரு கண்ணை முந்தானையால் மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "முதுகெல்லாம் முள்ளு முள்ளா இருக்குது தம்பி. வயித்துப் பக்கம் மட்டும் வழுவழுன்னு இருக்குது."

1869-இல் இலங்கையிலிருந்து வந்த நோயுற்ற இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பூஞ்சை ஆய்வாளர் பெர்க்லியும் அதையேதான் பார்த்தார். பாதி வழவழப்பானது என்ற பொருளில் அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா என்று பேர் வைத்தார். நாசம் செய்வது என்று கூடவே வாஸ்டாட்ரிக்ஸும். சுமார் இருபது ஆண்டுகளில் இலங்கையில் காப்பி போய்த் தேயிலை வந்தது. இதை அத்தையிடம் சொன்னதற்கு, மருந்து எப்போது அடிக்க வேண்டும் என்று அந்த எந்திரம் சொல்லுமா என்று கேட்டார்.

திரும்பும்போது பாறையிலிருந்து ஒரு கைப்பிடிப் பாசி எடுத்துவந்து டம்ளர் தண்ணீரில் ஊறவைத்தேன். மறுநாள் அடியில் தங்கியதில் சக்கரப்புழுக்கள் தலையில் காற்றாடி சுற்றிக்கொண்டு ஏராளம். பாசியில் வாழும் நீர்க்கரடி என்ற எட்டுக்கால் நுண்பிராணி மட்டும் இன்னும் அகப்படவில்லை. யாரும் எடுத்துக் கழுவிவிடக் கூடாதே என்று டம்ளர் மேல் ஒரு சீட்டு ஒட்டிவைத்திருக்கிறேன்.