வளைத்தால் நிமிர்கிறதா, காக்காப்பொன்னே?

திருவையாற்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆடிப்பெருக்கு அன்று பிள்ளைகள் படித்துறை ஓரம் அள்ளிவந்த மணலில் பொன்னிறத் தகடுகள் மின்னியிருக்கின்றன. "தங்கமெல்லாம் இல்லை, காக்காப்பொன் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். ஆனால் சாமணத்தில் பிடித்து வளைத்தால் ஒன்று துள்ளி நிமிர்கிறது, இன்னொன்று வளைந்தபடியே கிடக்கிறது. இரண்டும் காக்காப்பொன்தானா சார்?"

படித்ததும் அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கனிமவியல் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் சோதனையை அவர் தானாகவே செய்திருக்கிறார். துள்ளி நிமிர்ந்தது மைக்கா, அதாவது அசல் காக்காப்பொன். நிமிராதது அதன் பங்காளி.

இந்தக் கனிமங்களில் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்து அறுகோண ஓட்டைகள் உள்ள வலையாகப் படரும். அப்படி இரண்டு வலை, நடுவில் அலுமினியமோ மக்னீசியமோ இரும்போ வைத்து ஒட்டினால் ஓர் ஏடு. டால்க், மைக்கா, வெர்மிகுலைட், குளோரைட், நம் வயல் களியில் இருக்கும் மான்ட்மாரில்லோனைட் எல்லாமே இந்த ஏடுகளை அடுக்கிக் கட்டியவைதான், அதனால்தான் கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி தெரிகின்றன. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம்.

டால்க்கில் நடுவில் ஒன்றுமே இல்லை. ஏட்டுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். டால்க் நிறைந்த மாக்கல் சட்டியைத் தடவினால் வழவழவென்று இருப்பது அதனால்தான். இப்போது நான்கு சிலிக்கானில் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே அலுமினியத்தை வையுங்கள். அலுமினியத்துக்கு ஒரு நேர்மின்னூட்டம் குறைவு, ஏட்டில் எதிர்மின்னூட்டம் ஒன்று மிஞ்சும். அதைச் சரிக்கட்ட பொட்டாசியம் அயனி வருகிறது. அது வந்து உட்காரும் விதம் இருக்கிறதே, அதுதான் எனக்கு அலுக்காத விஷயம்! அந்த அறுகோண ஓட்டைக்கு அளவெடுத்த மாதிரி அதன் பருமன், பாதி உடம்பு மேல் ஏட்டின் குழியில், பாதி கீழ் ஏட்டின் குழியில், தண்ணீர் நுழையக்கூட இடமில்லை. தகட்டை வளைக்கும்போது ஏடுகள் நழுவ முடியாமல் விறைப்பு உள்ளேயே தேங்கி நிற்கிறது, விட்டதும் துள்ளி நிமிர்கிறது. நான்கில் இரண்டை மாற்றினால்? மின்னூட்டம் இரண்டு, பொட்டாசியத்துக்குப் பதில் கால்சியம். மார்கரைட் என்ற கனிமம் அப்படித்தான், பிடிப்பு இறுகிப்போய் வளைத்தால் ஒடிந்துவிடும். பூஜ்யம் என்றால் வழுக்கும், ஒன்று என்றால் துள்ளும், இரண்டு என்றால் ஒடியும்.

குளோரைட்டில் பொட்டாசியத்தின் இடத்தில் ஒரு முழு ஹைட்ராக்சைடு படலமே இருக்கிறது. பெரும்பாலும் பச்சை நிறம், வளையும், நிமிராது.

வாசகியின் இரண்டாவது தகடு பெரும்பாலும் பயோட்டைட் என்ற கறுப்பு மைக்கா சிதைந்து உண்டானதாக இருக்கும். காலப்போக்கில் அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து ஏட்டின் மின்னூட்டம் குறைய, பொட்டாசியம் மெல்ல வெளியேறி, தண்ணீரைப் போர்த்திய மக்னீசியம் உள்ளே வருகிறது. நிறம் வெளுத்துப் பொன்னாகிறது. இதுதான் வெர்மிகுலைட், மாடித்தோட்டக் கடைகளில் பை பையாக விற்கிறார்களே, அதேதான். மின்னூட்டம் இன்னும் குறைந்தால் மான்ட்மாரில்லோனைட், தண்ணீர் இஷ்டத்துக்கு வந்து போகும்; கோடையில் நம் வயல் பாளம் பாளமாக வெடிப்பது அதனால்தான்.

வெளியேறிய அந்தப் பொட்டாசியம் நெல்லுக்குச் சாப்பாடு. ஆனால் வழக்கமான மண் பரிசோதனை, பயிருக்கு உடனே கிடைக்கும் சாம்பல் சத்தை, அதாவது பொட்டாசியத்தை மட்டும்தான் அளக்கிறது, ஏடுகளுக்குள் பூட்டிக்கிடக்கும் இருப்பு பரிசோதனை அட்டையில் வராது. டெல்டா மண்ணின் களிக் கனிமங்களை ஊர் ஊராக எக்ஸ்ரேயில் பார்த்து வரைபடம் போட அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. பொட்டாஷ் மூட்டை என்ன விலை விற்கிறது என்று விவசாயிகளைக் கேட்டால் தெரியும்.

சரி, நிமிராதது குளோரைட்டா வெர்மிகுலைட்டா என்று எப்படிப் பிரிப்பது? நெருப்பில் காட்டினால் போதும். நம் பழைய ரச சாஸ்திரத்தில், அதாவது கனிமங்களை மருந்தாக்கும் கலையில், அப்பிரகம் என்ற மைக்காவைத் தீயில் இட்டுத்தான் நான்காகப் பிரித்தார்கள்: ஏடு பிரிவது பிநாகம், சீறுவது நாகம், தவளைபோல் குதிப்பது மண்டூகம், அசையாமல் கிடப்பது வஜ்ரம். மருந்துக்கு வஜ்ரமே உசத்தி என்றார்கள். சீறியதும் குதித்ததும் ஏடுகளுக்குள் தண்ணீர் புகுந்தவை, அசையாதது சிதையாத மைக்கா என்பது என் கணிப்பு. அந்த மருந்தின் பலன் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவரின் கண்ணை மெச்சத்தான் வேண்டும்.

அம்மா, அந்தத் தகட்டை ஒரு பழைய இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்புத் தீயில் காட்டுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, பிள்ளைகளை எட்ட நிறுத்திவிட்டு. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஏடுகளைப் பிளந்து, ஆர்மோனியத் துருத்தி மாதிரி புழுவாக நீண்டு வந்தால் அது வெர்மிகுலைட். நீண்டதும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.