செக்: ஒரு ராஜாவிலிருந்து கிளைத்த சொல்

செக் போஸ்டில் வண்டியை நிறுத்துகிறார்கள். வங்கியில் செக் போடுகிறோம். வருடம் ஒருமுறை உடம்புக்கு செக்கப். துணிக்கடையில் கட்டம் போட்ட சட்டை வேண்டுமென்றால் 'செக்டு' என்கிறோம். இத்தனைக்கும் வேர் ஒன்றுதான்: பாரசீக மொழியில் ராஜாவைக் குறிக்கும் 'ஷா'.

இந்தியாவிலிருந்து போன சதுரங்கம் பாரசீகத்தில் சத்ரங் ஆனது, அரபியரிடம் ஷத்ரஞ்ச் ஆனது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா' என்று சொல்லி எச்சரிப்பது வழக்கம். அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போய் லத்தீனில் ஸ்காக்கஸ், பழைய பிரெஞ்சில் எஷெக் என்றெல்லாம் உருமாறி, 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் செக் ஆனது. செஸ் என்ற பெயரும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவம்தான்.

செக் வைத்துவிட்டால் எதிராளி தன் திட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். இப்படித்தான் 'தடுத்து நிறுத்துவது' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. தப்பு நடக்காமல் தடுக்க வேண்டுமானால் கணக்கைப் பார்க்கத்தானே வேண்டும்? 17ஆம் நூற்றாண்டில் 'சரிபார்ப்பது' என்ற பொருளும் வந்து சேர்ந்தது.

சொல்லின் இன்னொரு கிளை ஆட்டப் பலகையிலிருந்து முளைத்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாவட்ட அதிகாரிகளான ஷெரிஃப்கள் வரிப்பணத்துக்குக் கணக்கு ஒப்படைத்த மேஜை 10 அடி நீளம், 5 அடி அகலம். அதன்மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடு, அதில் பூஜ்யமும் கிடையாது. அதனால் துணியில் பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று, அப்புறம் இருபது, நூறு, ஆயிரம் பவுண்டு என்று பிரித்து வில்லைகளை அடுக்கினார்கள். ஒரே வில்லை ஷில்லிங் பத்தியில் இருந்தால் 12 பென்னி, பக்கத்துப் பத்திக்கு நகர்ந்தால் 240 பென்னி. கட்ட வேண்டிய தொகை மேல் வரிசையில், கட்டிய தொகை கீழ் வரிசையில். மேலிருந்து கீழைக் கழித்தால் பாக்கி எவ்வளவு என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கண்ணெதிரே தெரிந்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

பார்வைக்கு சதுரங்கப் பலகை போலிருந்ததால் அந்த மேஜைக்கும், பிறகு கருவூலத்துக்குமே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. மன்னரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் எழுதத் தொடங்கிய நூலில் இதை விளக்குகிறார். சதுரங்கத்தைப் போலவே இங்கும் பொருளாளருக்கும் ஷெரிஃப்புக்கும் நடுவே ஒரு போர் நடக்கிறது என்கிறார் அவர். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான். கட்டம் போட்ட துணிக்குப் பெயர் கொடுத்ததும் இதே பலகை.

வங்கி செக்? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோசடியைத் தடுப்பதற்காகப் பணப் பத்திரத்தில் வைத்திருந்த அடிக்கட்டைக்குத்தான் 'செக்' என்று பெயர். போகப் போக அது கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே பெயரானது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டனில் அதன் எழுத்துக்கூட்டலும் மாறியது. நம் வங்கிகளில் இருப்பது அந்த பிரிட்டிஷ் வடிவம். அமெரிக்கர்கள் இன்றும் சதுரங்க செக்கை எழுதுவது போலவேதான் வங்கி செக்கையும் எழுதுகிறார்கள்.