புரட்டாசி எரிநட்சத்திரங்களுக்குத் தாய் யார்?

மே மாதம் பிறந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து வாட்ஸ்அப் வரத் தொடங்கிவிடும்: "அண்ணே, ஹாலி வருதாமே, எத்தனை மணிக்குப் பார்க்கணும்?" ஹாலி வால்நட்சத்திரம் இப்போது வராது, 2061-ல்தான் வரும். மே முதல் வாரம் விடியலுக்கு முன் நாம் பார்ப்பது, அது எப்போதோ உதிர்த்துவிட்டுப் போன தூசி. நொடிக்கு 66 கி.மீ. வேகத்தில் காற்றில் மோதி எரிகிறது; அதுதான் எரிநட்சத்திரம். எங்கள் ஆயா இருந்திருந்தால், "கண்ணுல பட்டுச்சா? மூணு பூப் பேரு சொல்லு" என்றிருப்பார்.

எந்தத் தூசி எந்த வால்நட்சத்திரத்துடையது, அதன் தாய் யார் என்று தேடுவதுதான் என் பிழைப்பு. அதற்கு ஒரு கேமரா போதாது. பல கி.மீ. தள்ளி இன்னொரு கேமராவும் அதே ஒளிக்கோட்டைப் பிடித்திருந்தால்தான் உயரம், திசை, வேகம் மூன்றும் கிடைக்கும். பூமியின் ஈர்ப்பு இழுத்த கோணலைக் கழித்துவிட்டு, அந்தத் துகள் சூரியனைச் சுற்றி வந்த பாதையைப் போட்டுப் பார்ப்போம். வால்நட்சத்திரத்தின் பாதையோடு அது ஒத்துப்போனால் சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். வியாழன் கோளின் ஈர்ப்புப் பிடியில் சிக்கிய குறுங்கால வால்நட்சத்திரங்கள் பலவற்றின் பாதைகள் ஒன்றுபோலவே கிடக்கும். ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களா?

நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு வீட்டு கேட் கேமராப் பதிவை நம்பிக் கணக்குப் போட்டேன். பாதை ஒரு பழைய வால்நட்சத்திரத்தோடு அச்சாகப் பொருந்தியது. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. பிறகு பார்த்தால், நொடிக்கு 25 ஃபிரேம் என்று சொன்ன கேமரா நடுநடுவே ஃபிரேம்களை விழுங்கியிருந்தது. வேகம் கூடிப்போய், பாதையும் நீண்டுவிட்டது. சரிசெய்தபோது சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை.

சரியாகக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். 1956 டிசம்பர் 5 இரவு தென்னாப்பிரிக்காவிலும் இந்தியப் பெருங்கடலில் அண்டார்டிகா நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஜப்பானியக் கப்பல் சோயாவிலும் ஃபீனிக்ஸ் நட்சத்திர மண்டலத்திலிருந்து எரிநட்சத்திரங்கள் கொட்டுவதைப் பார்த்தார்கள். தாயாக இருக்கக்கூடியது 1819-ல் பிளாம்பேன் என்ற வானியலாளர் கண்ட வால்நட்சத்திரம். அதுவோ சில வாரங்களில் தொலைந்துபோனது. 2003-ல் கிடைத்த ஒரு சின்னஞ்சிறு பொருளின் பாதையைப் பின்னோக்கி ஓட்டியபோதுதான் அது அதே பழைய ஆள் என்று புரிந்தது. அந்தத் தூசி 2014-ல் பூமியைத் தொடும் என்று முன்கூட்டியே கணக்குச் சொன்னது, பொழிவும் வந்தது. முன்பே சொல்லி, சொன்னபடி வந்தால் நான் நம்புவேன்.

நம்மூர்க் கதை ஒன்றும் உண்டு. கேப் டவுன் வானாய்வகத்தில் ஃபின்லே என்ற வானியலாளர் 1886 செப்டம்பரில் கண்ட வால்நட்சத்திரம், சுமார் ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. அதன் தூசி பூமியைச் சந்திக்கும் என்று எதிர்பார்த்தபடியே, 2021 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் ஆரா மண்டலத்திலிருந்து மெதுவான எரிநட்சத்திரங்கள் பதிவாயின. ஆரா என்றால் பலிபீடம். நாம் புரட்டாசிச் சனிக்கு விரதம் இருந்த நாட்கள் அவை. வெறும் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரிந்திருக்காது, ஏமாற வேண்டாம்.

தீப்பந்தம் போலப் பெரிய எரிநட்சத்திரம் ஒன்றைப் பார்த்தால் ஃபோனைத் தேடி ஓடாதீர்கள். நேரத்தை நொடியோடு குறியுங்கள். எந்த மரத்துக்கு மேலே தோன்றி எந்தக் கூரைக்குப் பின்னால் மறைந்தது என்று நின்ற இடத்திலேயே நின்று பாருங்கள். கேட் கேமராப் பதிவு அழிவதற்குள் மூலக் கோப்பையே எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கிவிடும். அதை வைத்து நான் எதையும் அளக்க முடியாது.