எஃப் கீ வேலை செய்யவில்லையா? கீபோர்டில் கை வைக்கும் முன்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் நின்றதிலிருந்து, ஈரோட்டில் என் சர்வீஸ் கடைக்கு வரும் பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு உபுண்டுவோ மின்ட்டோ, ஏதாவது ஒரு லினக்ஸ் போட்டுத் தருகிறேன். வேகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். நாலு நாள் கழித்து போன் வரும்: "ஏனுங்ணா, வெளிச்சம் கூட்டற கீ செத்துப்போச்சுங்க. கீபோர்டு மாத்திரலாமுங்களா?"

அவசரப்படாதீர்கள். பிரவுசரைத் திறந்து கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கும் எஃப்5-ஐ (F5) அழுத்துங்கள், பிறகு எஃப்என் (Fn) கீயையும் சேர்த்து அழுத்துங்கள். இரண்டில் ஒன்றில் பக்கம் ரீலோடு ஆனால் அந்தக் கீ உயிரோடுதான் இருக்கிறது. எந்த வேலைக்கு எஃப்என் வேண்டும் என்பதைப் பல மாடல்களில் பயாஸிலேயே (லேப்டாப் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) மாற்றலாம். ஹெச்பியில் ஆக்‌ஷன் கீஸ் மோட், லெனோவாவில் ஹாட்கீ மோட் என்று இருக்கும்.

சத்தம் கூடுகிறது, வெளிச்சம் மட்டும் கூடவில்லை என்பார்கள். சத்தத்துக்கான கீ சாதாரண எழுத்துக் கீ போலவே சேதி அனுப்புகிறது. வெளிச்சம் அப்படியல்ல. திரை விளக்கை பயாஸ் வழியாக இயக்குவதா, கிராஃபிக்ஸ் டிரைவர் வழியாகவா என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் முடிவு செய்ய வேண்டும், அது தப்பினால் கீ அழுத்தியும் பயனில்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஹாட்கீ சேதியை ஒவ்வொரு வழியில் அனுப்புவதால்தான் லினக்ஸில் திங்க்பேடுக்கு ஒரு மாட்யூல் (கெர்னலோடு சேரும் சின்ன நிரல்), ஹெச்பிக்கு ஒன்று, ஐடியாபேடுக்கு ஒன்று.

அதிகம் ஏமாற வைப்பது விமானப் படம் போட்ட கீ. கை பட்டு வைஃபை அணைந்துவிடும், கார்டு போய்விட்டது என்று யுஎஸ்பி டாங்கிள் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். கட்டளை தட்டும் டெர்மினலில் ஆர்எஃப்கில் லிஸ்ட் (rfkill list) கொடுத்துப் பாருங்கள். சாஃப்ட் பிளாக்டு (மென்பொருள் தடை) என்பதற்கு நேரே யெஸ் இருந்தால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை (rfkill unblock wifi) போதும். ஹார்டு பிளாக்டு யெஸ் என்றால் லேப்டாப் ஓரத்தில் சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சில மாடல்களில் அதுவும் கீயாகவே இருக்கும்.

கெர்னலுக்கே தெரியாத கீ என்றால், அழுத்தியதும் கெர்னலின் டிமெஸ்க் (dmesg) பதிவில் 'அன்னோன் கீ பிரஸ்டு' என்று கோடு எண்ணோடு வரும், செட்கீகோட்ஸ் (setkeycodes) கட்டளை கொடுக்கச் சொல்லி வழியையும் அதுவே காட்டும். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் அது மறந்துபோகும். நிலைக்க வேண்டுமானால் கருவிகளின் விவரம் வைக்கும் யூடெவ் ஹெச்டபிள்யூடிபி (udev hwdb) கோப்பில் எழுத வேண்டும்.

பயாஸ் திரையிலும் எஃப் கீ எதற்கும் அசையவில்லை என்றால்தான் கீபோர்டைச் சந்தேகப்படுவேன். திருப்பூர் பனியன் கம்பெனி லேப்டாப்பாக இருந்தால் அப்போதும் முதலில் கீக்கு அடியில் சேர்ந்த பஞ்சை ஊதிவிட்டுத்தான் பார்ப்பேன்.

இன்னொன்று. யூடியூப் பார்த்து, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் (GRUB) கோப்பில் ஏசிபிஐ (ACPI) என்று வரும் கெர்னல் அமைப்பு வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள், திரையே கறுத்துப்போய் வருகிறவர்கள் உண்டு. பழைய கெர்னலுக்குச் சொன்ன வரி புதியதில் தொல்லையாகலாம், கெர்னல் 6.1-லிருந்து வெளிச்சக் கட்டுப்பாட்டைத் தேர்வு செய்யும் முறையே மாறிவிட்டது. லேப்டாப் ஆன் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ஈ (e) அழுத்தி, லினக்ஸ் (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் அதைச் சேர்த்து எஃப்10 கொடுங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் அது இருக்கும். சரியாக வந்தால் அப்புறம் கோப்பில் எழுதிக்கொள்ளலாம்.