கட்டணப் பட்டியலைப் பார்த்துப் பிள்ளையின் பாடத்தைத் தீர்மானிக்காதீர்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் வரும் எச்.எஸ்.சி பரீட்சை நெருங்கி, பல்கலைக்கழக அனுமதி விண்ணப்ப மையமான யூஏசியில் விருப்பத் தெரிவுகளை நிரப்பும் வாரங்களில் சிட்னியின் மேற்குப் பகுதியில் இருந்து என்னிடம் வரும் தமிழ்ப் பெற்றோரின் கேள்வி இந்தச் சில ஆண்டுகளில் மாறிவிட்டது. முன்பெல்லாம் "எதைப் படிச்சால் வேலை கிடைக்கும்?" என்று கேட்பார்கள். இப்போது, "எந்தப் படிப்புக்கு அரசாங்கம் காசு குடுக்குது?" என்கிறார்கள். வரலாறும் அரசியலும் படிக்க ஆசைப்படும் பிள்ளை பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கும். அம்மாவின் தொலைபேசியில் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டணப் பட்டியல் திறந்திருக்கும்.

அந்தப் பட்டியல் பெரும்பாலும் சரியானதுதான். ஆனால் அதை வைத்து எடுக்கும் முடிவு அநேகமாகப் பிழைத்துவிடுகிறது.

அவுஸ்திரேலியாவில் 1974இல் விட்லம் அரசாங்கம் பல்கலைக்கழகக் கட்டணத்தை முற்றாக நீக்கியது. 1989இல் ஹெக்ஸ் வந்தது. கட்டணத்தில் மாணவர் பங்கை அரசாங்கக் கடனாக வைத்து, உழைக்கத் தொடங்கியபின் திருப்பிக் கட்டும் முறை அது. அப்போது எந்தப் பாடம் படித்தாலும் ஆண்டுக்கு 1,800 டொலர், ஒரே தொகை. 1997இல் பாடத்துக்குப் பாடம் வேறுபடும் மூன்று படிகள் வந்தன. 2021இல் நடைமுறைக்கு வந்த 'ஜொப் ரெடி கிராஜுவேற்ஸ்' திட்டம் அந்த வேறுபாட்டை மிகவும் கூட்டியது. நாட்டுக்குத் தேவையான துறைகளுக்கு மாணவரை இழுப்பதே நோக்கம் என்று அன்றைய கல்வி அமைச்சர் டான் டெஹான் சொன்னார். ஆசிரியப் பயிற்சி, தாதியியல், கணிதம், ஆங்கிலம், பிறமொழிகள், விவசாயம் ஆகியவற்றுக்கு முழுநேர ஓர் ஆண்டுக்கு மாணவர் பங்கு 3,950 டொலர். பொறியியல், விஞ்ஞானம், கணினிக்கு 7,950. மருத்துவத்துக்கு 11,300. சட்டம், வணிகம், பொருளியல், வரலாறு, சமூகவியலுக்கு 14,500. இவை 2021ஆம் ஆண்டுத் தொகைகள். பணவீக்கத்தோடு ஏறி 2025இல் ஆகக் குறைந்த படி 4,627ஆகவும் ஆகக் கூடிய படி 16,992ஆகவும் வந்துவிட்டன. மூன்று ஆண்டுக் கலைப் பட்டத்துக்கு இப்போது 50,000 டொலருக்கு மேல் வருகிறது.

பெற்றோர் பார்க்கும் பட்டியலில் இருப்பது மாணவர் பங்கு மட்டுமே. அதே இடத்துக்கு அரசாங்கம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் பங்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது புரியும். 2021இல் சட்டம், வணிகம், சமூகக் கல்விக்கு அரசாங்கப் பங்கு வெறும் 1,100 டொலர். அதாவது 15,600 டொலரில் ஏறக்குறைய 93 வீதத்தை மாணவரே சுமக்கிறார். அதே ஆண்டில் பொறியியலுக்கு அரசாங்கம் 16,250 கொடுத்தது. மாணவர் பங்கோடு சேர்த்தால் 24,200. திட்டம் வருவதற்கு முன் அதே பொறியியல் இடத்துக்குப் பல்கலைக்கழகத்தின் கையில் 28,000க்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்தது. மாணவருக்குக் கட்டணம் குறைந்தது, பல்கலைக்கழகத்துக்கு வருமானமும் குறைந்தது. ஒரு பொறியியல் இடத்தைக் கூட்டினால் முன்பைவிடக் குறைந்த காசுதான் வரும் என்றால் எந்த நிர்வாகம் ஆவலோடு இடங்களைக் கூட்டும்?

பிள்ளைகளும் கட்டணத்துக்காகப் பாடத்தை மாற்றவில்லை. மேரி ஓ'கேன் தலைமையிலான பல்கலைக்கழகங்கள் குறித்த மீளாய்வுக் குழு 2024 பெப்ரவரியில் இறுதி அறிக்கையை வெளியிட்டது. இந்தக் கட்டண மாற்றத்தால் வேறு துறைக்குப் போன மாணவர்கள் 1.5 வீதமளவில்தான் என்ற கணிப்பு அதில் வருகிறது. திட்டத்தை மாற்றவேண்டும் என்பதே குழுவின் பரிந்துரை. பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் விருப்பத்தைக் காசுக்காக விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வரலாறு, சமூகவியல் போன்றவற்றை விரும்பியவர்கள் தலையில் இருமடங்கு கடன் ஏறியிருக்கிறது. அது அநீதி என்றே நினைக்கிறேன்.

சரி, அந்தக் கடன் எப்படித் திரும்பப் போகிறது? வட்டிக்கு வாங்கிய கடனைப் போல இதை நினைத்துப் பயப்படுகிறவர்கள் நம்மில் அதிகம். 2025-26 கணக்குப்படி, ஆண்டு வருமானம் 67,000 டொலரைத் தாண்டினால்தான் கட்டத் தொடங்கவேண்டும். அதற்கு மேல் 125,000 வரை உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 15 சதம். அந்தக் கணக்கில் 80,000 டொலர் உழைக்கும் ஒருவர் ஆண்டுக்கு 1,950 டொலர் கட்டுவார். அவர் தாதியாக இருந்தாலும் வரலாறு படித்தவராக இருந்தாலும் அதே 1,950தான். பெரிய கடன் அதிக காலம் இழுபடும் என்பது உண்மை. வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி அதையும் கணக்கில் எடுக்கும். ஒவ்வொரு ஜூன் முதலாம் திகதியும் மீதித் தொகை விலைவாசியோடு ஏறும். 2023இல் அது 7.1 வீதம் ஏறியபோது எத்தனையோ பிள்ளைகள் கலங்கிப்போனார்கள். பிறகு விலைவாசி, சம்பளம் இரண்டின் உயர்வில் எது குறைவோ அதன்படிதான் ஏற்றலாம் என்று சட்டத்தை மாற்றி, அதை 2023இல் இருந்தே செல்லுபடியாக்கினார்கள். 2025இல் எல்லாருடைய கடனிலும் 20 வீதம் வெட்டப்பட்டது. விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். பிடிக்காத பாடத்தில் தோற்று, இரண்டாம் ஆண்டில் துறை மாறும் பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டுக் கடன் மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும். மலிவு என்று போட்ட பாடம் விலைகூடிப்போவது இப்படித்தான்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத இன்னொன்று, கட்டணம் பட்டத்துக்கு இல்லை, அதில் எடுக்கும் ஒவ்வொரு பாட அலகுக்கும் என்பது. கலைப் பட்டம் படிக்கும் ஒரு பிள்ளையின் ஒரு தவணையை எடுத்துப் பாருங்கள். இரண்டு வரலாற்று அலகுகள், ஒரு ஜப்பானிய மொழி, ஒரு புள்ளிவிபரவியல். ஓர் ஆண்டுக்கு எட்டு அலகு என்றால், 2025 விலைப்படி வரலாறு ஒவ்வொன்றும் 2,124 டொலர். ஜப்பானிய மொழியும் புள்ளிவிபரவியலும் ஒவ்வொன்றும் 578 டொலர்தான். "ஆர்ட்ஸ் எண்டால் எல்லாமே விலை" என்று நினைத்து அந்தப் பட்டத்தையே வெட்டிவிடுகிற பெற்றோருக்கு நான் இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவது. உளவியலில் இன்னும் கவனம் வேண்டும். பதிவுபெற்ற உளவியலாளராவதற்கான பாதையில் படிப்பவருக்குக் ஆகக் குறைந்த படி, அல்லாதவருக்கு ஆகக் கூடிய படி. ஒரே விரிவுரை மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இருவர் வேறு வேறு தொகை கட்டலாம். அந்தப் பாதைக்குத் தகுதி உண்டா, அதற்கு எதை நிரப்பவேண்டும் என்று சேரும்போதே பல்கலைக்கழகத்தில் கேளுங்கள்.

ஒவ்வொரு அலகுக்கும் சென்சஸ் திகதி என்று ஒன்று உண்டு. அந்தத் திகதிக்குள் விலகினால் கடன் ஏறாது. அடுத்த நாள் விலகினால் முழுத் தொகையும் ஏறும். வகுப்புக்குப் போகாமல் விட்டால் தானாகப் பெயர் நீங்கிவிடும் என்று நம்பியிருந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். நீங்காது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது குடியுரிமை விடயம். பி.ஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை மட்டும் இருக்கும் பிள்ளைக்கு அரசாங்கம் பங்கு கொடுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் ஹெக்ஸ் கடன் பொதுவாகக் கிடைக்காது. மாணவர் பங்கு முழுவதையும் சென்சஸ் திகதிக்குள் கையிலிருந்து கட்டவேண்டும். கட்டாவிட்டால் இடம் போய்விடும். தாதியியல் என்றால் எப்படியாவது சமாளிப்பார்கள். வணிகம் என்றால் 2025 விலைப்படி ஒரு தவணைக்கே 8,500 டொலரளவில் புரட்டவேண்டும். பி.ஆர் கிடைத்ததும் குடியுரிமையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் நம் சமூகத்தில் நிறைய. பிள்ளைக்கு 16 வயதாவதற்கு முன் பெற்றோரின் விண்ணப்பத்திலேயே பிள்ளையையும் சேர்க்கலாம். 16 ஆனபின் பிள்ளை தனியே விண்ணப்பிக்கவேண்டும். அந்த வரிசை எவ்வளவு காலம் நீளும் என்று யாராலும் உறுதி சொல்லமுடியாது. ஆகவே பாடத் தெரிவைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் வருவதைவிட, குடியுரிமையைப் பற்றிப் பத்தாம் வகுப்புக்கு முன்பே யோசியுங்கள்.

மனிதாபிமான அடிப்படையில் நிரந்தர விசா பெற்றவர்கள் வேறு வகை. அவர்களுக்கு ஹெக்ஸ் கடனும் உண்டு. படகில் வந்து பல ஆண்டுகள் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த நம்மவரின் பிள்ளைகள் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கப்பட்டு, நல்ல புள்ளி எடுத்தும் பல்கலைக்கழக வாசலோடு திரும்பியதை நேரில் பார்த்தவள் நான். 2023 பெப்ரவரியில் அந்த விசாக்காரர்களுக்கு ஆர்.ஓ.எஸ் எனப்படும் நிரந்தர விசாவுக்கு வழி திறந்தபின் அந்தப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. ஆனால் இன்னும் பல வீடுகளில் "எங்களுக்கு இல்லை" என்ற பழைய எண்ணமே இருக்கிறது. அந்த விசா வந்துவிட்டதென்றால், வந்த கடிதத்தோடு உடனே பல்கலைக்கழக அனுமதிப் பிரிவுக்குப் போங்கள். பாஸ்ட் ட்ராக் எனப்படும் விரைவு அகதி விசாரணை முறையில் நிராகரிக்கப்பட்டு, பிரிட்ஜிங் எனப்படும் இடைக்கால விசாவில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இன்னும் இல்லை. சிலருக்குப் படிக்கவே தடை இருக்கும். விசாக் கடிதத்தில் 8207 என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், எந்தக் கல்லூரிக்கும் காசு கட்டுவதற்கு முன் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.