தடுப்புப் புரதம் அல்ல, அடைப்புப் பெப்டைடு

எதிர்ப்பொருள் சோதனையில் பயன்படும் 'ப்ளாக்கிங் பெப்டைடு' என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் 'தடுப்புப் புரதம்' என்று எழுதுவதை இன்னும் எத்தனை முறைதான் பார்ப்பது? இருப்பதே இரண்டு சொல், இரண்டும் பிழை.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலி; சொல் செரித்தலைக் குறிக்கும் கிரேக்க வேரில் பிறந்தது. எமில் பிஷர் 1902இல் வைத்த பெயர். ப்ளாக் என்பது முதலில் மரக்கட்டை. வேர்க்கதை இவ்வளவு போதும்.

எந்தப் புரதத் துண்டைக் கொண்டு ஆன்டிபாடியை, அதாவது குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை, உண்டாக்கினார்களோ அதே துண்டைச் செயற்கையாகக் கோத்து எடுப்பார்கள். பெரும்பாலும் 10 முதல் 20 அமினோ அமிலங்கள் நீளம் இருக்கும். அதை மிகுதியாகச் சேர்த்து ஊறவைத்தால் எதிர்ப்பொருளின் பற்றிடங்கள் நிரம்பிவிடும். பிறகு புரதங்களை ஒட்டவைத்த ஒரே மாதிரியான இரண்டு சவ்வுகளில், ஒன்றில் வெறும் எதிர்ப்பொருளையும் மற்றதில் இந்தக் கலவையையும் இடுவார்கள். எதிர்ப்பொருள் பிடித்த இடத்தில் முதல் சவ்வில் தெரியும் பட்டை இரண்டாவதில் மறைகிறதா என்பதே சோதனை.

இதில் தடுப்பு எங்கே வந்தது? வருவதை வழியில் நிறுத்தினால் அது தடுப்பு. இருக்கும் இடத்தை நிரப்பினால் அது அடைப்பு. ஓட்டையை அடைக்கிறோம், தடுப்பதில்லை. பேச்சற்றுப் போனவரை வாயடைத்துப் போனார் என்கிறோம். இவ்வளவு துல்லியமான வினை கையில் இருக்க, தடுப்பூசியை நினைவூட்டும் சொல் எதற்கு? படிக்கும் மாணவர் அதை நோய்க்கான மருந்து என்றே எண்ணுவார்.

'புரதம்' செய்யும் கேடு இன்னும் பெரிது. சவ்வின் வெற்றிடங்களைப் பால்பொடிக் கரைசலாலோ ஆல்புமினாலோ மூடுவதையும் ஆங்கிலத்தில் ப்ளாக்கிங் என்றுதான் சொல்கிறார்கள். ஆல்புமின் உண்மையிலேயே புரதம். ஆகவே 'தடுப்புப் புரதம்' என்றதும் ஆய்வகத்தில் பழகியவர் கை ஆல்புமின் புட்டிக்குத்தான் போகும்! சவ்வுக்குச் செய்வதை 'மறைப்பு' என்றும், எதிர்ப்பொருளுக்குச் செய்வதை 'அடைப்பு' என்றும் பிரித்துவிட்டால் குழப்பமே இல்லை. பெப்டைடு பெப்டைடாகவே இருக்கட்டும். அதற்கொரு தனித்தமிழ்ச் சொல்லை வலிந்து கட்டினால் யாருக்கும் விளங்காது.

இந்தச் சோதனை எதிர்ப்பொருளைச் 'சரிபார்க்க' என்று ஆங்கில மூலத்தில் இருப்பதை 'உறுதிசெய்ய' என்று மாற்றுவதும் இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான். அது சொல் பிழை மட்டுமல்ல, அறிவியல் பிழை. எதிர்ப்பொருள் வேறொரு புரதத்தை அதே பற்றிடத்தால் பிடித்திருந்தாலும் அந்தப் பட்டையும் சேர்ந்தே மறையும். பட்டை மறைந்தால் பிடிப்பு பற்றிடத்தின் வழியே நடந்தது என்று தெரியும், பிடிபட்டது எந்தப் புரதம் என்று தெரியாது. அதை அறிய, நாம் தேடும் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய செல்களில் பட்டை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.