நூறு வயசானா பழைய கட்டிடத்தை இடிக்க முடியாதா? சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்

ஒரு கட்டிடத்துக்கு 100 வருஷம் ஆயிட்டா அது தானாவே அரசு பாதுகாப்புக்குள்ள வந்துடும்னு நெறைய பேர் நம்பிட்டு இருக்காங்க, அப்படி இல்லைங்க. பழைய நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்க 1958-ல வந்த மத்திய அரசு சட்டத்துல 100 வருஷம்ங்கறது உள்ள நுழையறதுக்கான தகுதி, அவ்ளோதான். அதோட வரலாறு, தொல்லியல், கலை இதுல ஏதாவது ஒரு மதிப்பு இருக்கணும், அப்புறம் அரசு கெசட்ல அறிவிக்கணும். அறிவிக்கறதுக்கு முன்னாடி 2 மாச நோட்டீஸ் குடுத்து அதோட காப்பியை கட்டிடத்துக்கிட்டயே ஒட்டணும், ஆட்சேபனை இருக்கறவங்க அந்த 2 மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்துடணும், அதனால அப்படி ஒரு பேப்பர் கண்ணுல பட்டா நின்னு படிச்சிடுங்க.

அறிவிச்சாச்சுன்னா அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் விதி வந்துடும். முதல் 100 மீட்டர்ல புதுசா எதுவும் கட்டக்கூடாது, ஆனா 1992 ஜூன் 16-க்கு முன்னாடியே இருந்த வீடுன்னா ரிப்பேர் பண்ண அனுமதி கேக்கலாம். அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டர்ல கட்டலாம், அனுமதி வாங்கிட்டுதான். தூரத்தை கோபுரத்துலேருந்தோ சுவர்லேருந்தோ அளக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடத்தோட எல்லை எங்க முடியுதோ அங்கேருந்து அளக்கணும், பல பேர் தப்பு பண்றது இங்கதான். மீறினா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். இதெல்லாம் 2010 திருத்தத்துல சட்டத்துக்குள்ளயே வந்துடுச்சு. தமிழ்நாட்டுக்குன்னு 1966-ல தனிச் சட்டம் வந்துச்சு, அதுல பாதுகாக்கப்பட்ட இடங்களோட லிஸ்ட் மாநில தொல்லியல் துறைகிட்ட இருக்கும்.

மத்திய அரசு, மாநில அரசு இந்த ரெண்டு லிஸ்ட்லயும் வராத கட்டிடங்கள்தான் ஒரு ஊர்ல அதிகம். சென்னை மவுண்ட் ரோட்ல பாரத் இன்சூரன்ஸ் பில்டிங், 1897-ல கட்டினது, 2006-ல இடிக்க ஆரம்பிச்சப்போ அதுக்கு வயசு 109, ஆனாலும் அந்த வயசு மட்டும் அதைக் காப்பாத்தல. பாரம்பரியக் கட்டிடங்களைப் பாதுகாக்கப் பாடுபடற இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போய், 2010-ல உயர் நீதிமன்றம் இடிக்கக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதோட நீதிபதி பத்மநாபன் கமிட்டி அடையாளம் காட்டின 400-க்கும் மேற்பட்ட கட்டிடங்களை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தோட (சிஎம்டிஏ) பாரம்பரிய கட்டிடக் குழு பாக்காம இடிக்கவோ மாத்தவோ கூடாதுன்னும் ஆச்சு. அதனால சென்னைல பழைய வீடு வாங்கறவங்க, விக்கறவங்க, மத்திய லிஸ்ட், மாநில லிஸ்ட், இந்த லிஸ்ட் மூணையும் பாத்துட்டு அப்புறம் பிளான் போடுங்க.

பேரு லிஸ்ட்ல இருந்தா மட்டும் போதாதுங்க, எப்படி ரிப்பேர் பண்றோம்ங்கறது அதைவிட முக்கியம். இந்த பழைய சுவரெல்லாம் செங்கல், சுண்ணாம்புக் காரைல கட்டினது, உள்ள போற ஈரம் அந்தக் காரை வழியாவே வெளிய காஞ்சு போயிடும், மேல சிமெண்ட் பூசிட்டா ஈரத்துக்கு வெளிய வர வழி இல்லாம செங்கல் உள்ளயே பொரிஞ்சு உதிர ஆரம்பிச்சிடும், பாக்கறதுக்கு மட்டும் பளபளன்னு இருக்கும். மெட்ராஸ் டெரஸ் கூரையும் அப்படித்தான், மரக்கட்டை மேல சின்னச் செங்கலை சாய்வா அடுக்கி சுண்ணாம்பு போட்டது, அது மேல கான்கிரீட் பாரத்தை ஏத்தினா கட்டை தாங்காது. சென்னை சேப்பாக்கம் அரண்மனையோட கலச மஹால் 1768-ல கட்டினது, 2012-ல தீப்பிடிச்சு கூரையே போயிடுச்சு, அதையே சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆளுங்களை வச்சு திரும்ப எழுப்பிட்டாங்க. உங்க வீட்டுல பழைய காரை உதிருதுன்னா முதல்ல சுண்ணாம்பு அரைக்கத் தெரிஞ்ச கொத்தனாரைத் தேடுங்க, சிமெண்ட் மூட்டை அப்புறம் வாங்கிக்கலாம்.